மழைக்கு முன்பே பொடுகை அடக்குவது எப்படி?

பொடுகு குளிர்காலத்தில் வரும், தலை வறண்டால் வரும் என்று படித்திருப்பீர்கள். பனி பெய்யும் நாடுகளுக்கு அது பொருந்தும். சென்னையில் மார்கழியிலும் காற்றில் ஈரம் இருக்கிறது. இங்கே தலையைப் படுத்துபவை மே மாத வியர்வையும், அக்டோபர் நடுவில் தொடங்கும் வடகிழக்குப் பருவமழையில் நாள் முழுக்கக் காயாத முடியும்தான். வறட்சி என்று நினைத்து எண்ணெய் வைத்தால் பொடுகு கூடத்தான் செய்யும்.

எல்லோர் தலையிலும் மலசேசியா என்ற நுண்ணிய பூஞ்சை உண்டு. தலைத்தோலில் சுரக்கும் எண்ணெய்ப்பசைதான் அதற்குச் சாப்பாடு. தின்றது போக மிஞ்சும் ஒலியிக் அமிலம் சிலருக்குத் தோலை உறுத்தும். தோல் வேகவேகமாக உதிரும். ராத்திரி முழுக்க ஊறவிடும் எண்ணெய், அந்தப் பூஞ்சைக்குப் பந்தி விரிப்பது போலத்தான்.

முதலில் பொடுகுதானா என்று பாருங்கள். தோளில் கறுப்புத் துண்டைப் போட்டு, வகிடு எடுத்துச் சீப்பால் மெல்ல வாருங்கள். மஞ்சள் கலந்து, விரலில் பிசுபிசுவென்று ஒட்டினால் பொடுகு. தூள் போல வெள்ளையாக, ஊதினால் பறந்தால் வெறும் வறட்சியாக இருக்கலாம். முடியோடு ஒட்டிக்கொண்டு இழுத்தாலும் நகராவிட்டால் அது ஈர்.

செப்டம்பர் கடைசியிலேயே தொடங்கிவிடுவது நல்லது. மருந்துக்கடையில் அந்தப் பூஞ்சையை அடக்கும் 2 சதவீத கீட்டோகொனசோல் ஷாம்பு கிடைக்கும். கர்ப்பிணிகள் மட்டும் மருத்துவரைக் கேட்டுவிட்டு வாங்குங்கள். தலையில் எண்ணெய் இருந்தால் முதலில் சாதாரண ஷாம்பு போட்டு அலசிவிடுங்கள். எண்ணெய்ப்பசை மேல் மருந்து சரியாகப் படாது. பிறகு மருந்து ஷாம்புவை 5 மி.லி., நீள முடிக்கு 10 மி.லி. எடுத்து, நகம் படாமல் விரல்நுனியால் தலைத்தோலில் தேயுங்கள். காதுக்குப் பின்னாலும் பிடரியிலும் தேய்க்கத்தான் பலர் மறப்பார்கள். 5 நிமிடம் அப்படியே விட்டுவிட்டு அலசுங்கள். பெரும்பாலோருக்கு ஷாம்பு 'வேலை செய்யாதது' இந்த இடத்தில்தான்: நுரை வந்ததும் தண்ணீரை ஊற்றிவிடுகிறார்கள், மருந்து தோலில் தங்கவே இல்லை.

வாரம் 2 முறை, 4 வாரம். மொத்தம் 8 குளியல்; தினசரி காலண்டரில் குறித்து வையுங்கள். மூன்றாவது குளியலிலேயே அரிப்பு நின்றுவிடலாம், அதற்காக நிறுத்தாதீர்கள். அதன் பிறகு, மழை ஓயும் வரை, வாரம் ஒன்று அல்லது இரண்டு வாரத்துக்கு ஒன்று போதும்.

தீபாவளி எண்ணெய்க் குளியலை விட வேண்டாம். நல்லெண்ணெயை அரை மணி நேரத்துக்கு மேல் தலையில் வைக்காமல், ஷாம்பு இரண்டு முறை போட்டு எடுத்துவிடுங்கள்.

மழைக்காலத்தில் காலை 7 மணிக்குத் தலை குளித்து, ஈரத்தோடு கொண்டை போட்டு மின்சார ரயில் ஏறினால் மத்தியானம் வரை வேர் காயாது. சாயங்காலம் குளியுங்கள். மின்விசிறி அடியில் முடியைப் பிரித்துவிட்டுக் காயவைத்து, வேரில் விரல் வைத்துப் பார்த்த பிறகே பின்னுங்கள், பூ வையுங்கள். ஹெல்மெட் போடுகிறவர்கள் உள்துணியை வாரம் ஒருமுறை துவைத்து உலர்த்த வேண்டும்.

எலுமிச்சைச் சாற்றை நேராகத் தேய்க்காதீர்கள். சொறிந்து புண்ணான தோலில் எரிச்சல்தான் மிஞ்சும்.

8 குளியலுக்குப் பிறகும் குறையவில்லையா, நெற்றி ஓரத்தைத் தாண்டித் தடித்த வெள்ளிச் செதில் படர்கிறதா, தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். குழந்தைக்குச் செதிலோடு வட்டமாக முடி கொட்டினால் 8 குளியல் வரை காத்திருக்கக் கூடாது. அது படர்தாமரையாக இருக்கலாம். அதற்கு ஷாம்பு மட்டும் போதாது, உள்ளுக்கு மாத்திரை தர வேண்டியிருக்கும்.