அடிபட்ட நாய்க்கு முதலில் வாய்க்கட்டு

அலுவலகத்தில் முதலுதவிப் பயிற்சி எடுத்தவரா? அதில் பாதி உங்கள் வீட்டு நாய்க்கும் உதவும். நினைவும் மூச்சும் இல்லையென்றால் மார்பை அழுத்தும் வேகம் மனிதருக்கும் நாய்க்கும் ஒன்றுதான்: நிமிடத்துக்கு 100 முதல் 120, 30 அழுத்தலுக்கு 2 மூச்சு. நாயைப் பெரும்பாலும் பக்கவாட்டில் கிடத்தி, வாயை மூடிப் பிடித்து மூக்கில் ஊத வேண்டும்.

நினைவோடு இருக்கும் நாய்தான் சிக்கல். வலியில் வளர்த்தவரையே கடித்துவிடும். முதலுதவிப் பெட்டியில் இருக்கும் காஸ் (gauze) துணிச் சுருளை எடுத்து, வாயைக் கட்டச் சுருக்குப் போடுங்கள். மூக்கின் மேல் ஒரு சுற்று, தாடைக்குக் கீழே குறுக்காக ஒரு சுற்று, பிறகு காதுகளுக்குப் பின்னால் பிடரியில் கட்டு. உருவு முடிச்சாக இருக்கட்டும், சட்டென அவிழ்க்கலாம். வாந்தியோ மூச்சுத் திணறலோ இருந்தால் கட்டவே கூடாது. பக் மாதிரி சப்பை மூக்கு நாய்களுக்கும் வேண்டாம்.

வலிக்கு என்று பாராசிட்டமால் பக்கமே போகாதீர்கள். பூனைக்கு ஒரு மாத்திரைகூட உயிருக்கு உலை வைக்கும்.

வாய்க்கட்டை நாய் நன்றாக இருக்கும்போதே கட்டிப் பழகுங்கள். எங்கள் வீட்டு நாய் முதல் தடவை முன்னங்காலால் ஒரே இழுப்பில் உருவிப் போட்டுவிட்டு வாலை ஆட்டியது.