ஸ்னோல செடான் ஓட்டறீங்களா, முதல்ல டயரைப் பாருங்க

கேம்ரி, அக்கார்ட் மாதிரி மிட்சைஸ் செடான், அதாவது பின்னாடி டிக்கி தனியா இருக்கிற நடுத்தர சைஸ் கார், வச்சிருக்கவங்க முதல் விண்டர் வந்ததுமே எஸ்யூவிக்கு மாறணுமான்னு கேக்க ஆரம்பிச்சிடறாங்க. தேவையே இல்ல, அந்தக் காசுல கொஞ்சத்தை டயர்ல போடுங்க போதும். ஃப்ரன்ட் வீல் டிரைவ், அதாவது முன் சக்கரம் இழுக்கிற வண்டில, இன்ஜின் வெயிட் பூரா இழுக்கிற சக்கரத்து மேலதான் இருக்கு, அதனால கெளம்பறப்போ கிரிப் ஓரளவு நல்லாவே கெடைக்கும். நாலு சக்கரமும் இழுக்கிற ஆல் வீல் டிரைவ் இருந்தா மேடு ஏற சுலபம், ஆனா நிறுத்தறதுக்கு அது ஒண்ணும் பண்ணாது.

எல்லா சீசனுக்கும்னு விக்கிற ஆல் சீசன் டயர் ரப்பர் சுமார் 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழ போனாலே இறுக ஆரம்பிச்சிடும், விண்டர் டயர் அந்தக் குளிர்லயும் மெத்துன்னு இருந்து ரோட்டைப் பிடிக்கும். வாங்கும்போது டயர் சைடுல மூணு சிகரம் வச்ச மலை, அதுக்குள்ள பனித்துகள் படம், இது இருக்கான்னு பாருங்க, வெறும் எம் பிளஸ் எஸ்னு (M+S, சேறு, பனிக்குன்னு போடற குறி) இருந்தா அதை நம்பி எடுக்காதீங்க. நாலையும் மாத்தணும். செலவு மிச்சம்னு முன்னாடி ரெண்டு மட்டும் மாத்தினா முன்பக்கம் பிடிக்கும், பின்பக்கம் வளைவுல வழுக்கிட்டுப் போய் வண்டியையே திருப்பி விட்டுடும். அப்புறம் குளிர் ஏற ஏற டயர்ல காத்தழுத்தம் தானா கொறையும், 5, 6 டிகிரி எறங்கினா சுமார் 1 பிஎஸ்ஐ (காத்தழுத்த அளவு) போயிடும், அப்பப்ப செக் பண்ணிக்கோங்க.

கெளம்பறதுக்கு முன்னாடி கூரை மேல இருக்கிற பனியையும் தள்ளிடுங்க, இல்லன்னா மொத பிரேக்லயே மொத்தமா சரிஞ்சு கண்ணாடிய மூடிடும்.

ஓட்டறப்போ எல்லாத்தையும் மெதுவா பண்ணுங்க. வளைவு வர்றதுக்கு முன்னாடியே ஸ்பீட் கொறச்சிட்டு, உள்ள போனதும் பிரேக்க தொடாம திருப்புங்க, ஏன்னா வழுக்கற ரோட்டுல டயரால பிரேக்கையும் திருப்பறதையும் ஒரே நேரத்துல தாங்க முடியாது. அவசரமா நிறுத்தணும்னா பிரேக்க அழுத்திப் பிடிங்க, பெடல் கடகடன்னு காலை உதைக்கும், சத்தம் வேற வரும், அது ஏபிஎஸ், அதாவது பிரேக் போடறப்போ சக்கரம் பூட்டிக்காம பாத்துக்கற சிஸ்டம், வேலை செய்யறது, பயந்து காலை எடுத்துடாதீங்க. பாலத்து மேல எக்ஸ்ட்ரா கவனம், கீழயும் காத்து போறதால மத்த ரோட்டுக்கு முன்னாடி அங்கதான் ஐஸ் கட்டும்.

செடானோட உண்மையான பிரச்சனை உயரம்தான். கிரவுண்ட் கிளியரன்ஸ், அதாவது தரைக்கும் வண்டி அடிக்கும் நடுவுல இருக்கிற இடைவெளி, சுமார் 13, 14 சென்டிமீட்டர்தான் இருக்கும், அதுக்கு மேல பனி கெடந்தா வண்டியோட வயிறு பனி மேல ஏறி உக்காந்துடும், சக்கரத்துக்கு வெயிட்டே இல்லாம சும்மா சுத்தும், எந்த டயர் போட்டாலும் சரி. பனி தள்ற வண்டி போனதும் வீட்டு வாசல்ல பனியால ஒரு வரப்பு விட்டுட்டுப் போகும் பாருங்க, நிறைய செடான் மாட்டறது அதுலதான், மொதல்ல அதை வாரிடுங்க.

மாட்டிக்கிட்டா ஆக்ஸிலேட்டர அழுத்தி மிதிக்காதீங்க, சக்கரம் சுத்த சுத்த அடில பனி உருகி ஐஸாயிடும். எறங்கிப் போய் சைலன்சர் வாயில பனி அடைச்சிருக்கான்னு பாருங்க, அடைச்சிருந்தா கார்பன் மோனாக்சைடு உள்ள வந்து ஆளையே காலி பண்ணிடும். அப்புறம் ஸ்டியரிங்க நேரா வச்சு, டிராக்ஷன் கண்ட்ரோல் (சக்கரம் வழுக்கி சுத்தாம தடுக்கிற சிஸ்டம்) பட்டன ஆஃப் பண்ணிட்டு, சக்கரத்துக்கு முன்னாடி மணல் போட்டு, முன்னயும் பின்னயுமா கொஞ்சம் கொஞ்சமா ஆட்டி எடுங்க. வெளிய வந்ததும் அந்த பட்டன திரும்ப ஆன் பண்ணிடுங்க.