36 பிரேமை வைத்து 72: விஆரில் விமானம் திணறாமல் பறக்க

விஆர் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு முதன்முதலாக ஃப்ளைட் சிமுலேட்டர் கேமில் செஸ்னா 172 என்ற குட்டி விமானத்துக்குள் உட்கார்ந்தபோது வாயடைத்துப் போனேன். திரும்பினால் பக்கத்து சீட், குனிந்தால் காலடியில் ரடர் பெடல். டேக்-ஆஃப் ஆகி இடதுபக்க ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தேன், அங்கேதான் குட்டு உடைந்தது. மரமெல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தன, கூரைகளின் விளிம்பு விட்டு விட்டு நகர்ந்தது, பத்தே நிமிடத்தில் வயிற்றைப் பிரட்டிக்கொண்டு வந்தது. தப்பு என்னுடையதுதான். ஹெட்செட்டை 90 ஹெர்ட்ஸில் (திரை நொடிக்கு 90 தடவை படம் காட்டும் வேகம்) வைத்துவிட்டு, கேமில் இருக்கிற எல்லாவற்றையும் 'ஹை' ஆக்கிவிட்டு, கிராஃபிக்ஸ் கார்டு எப்படியாவது சமாளிக்கும் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

இதற்கு வழி பிரேம் ஜெனரேஷன். பிரேம் என்பது கேம் வரைந்து தரும் ஒவ்வொரு படம்; அப்படி இரண்டு பிரேமுக்கு நடுவில் ஒரு பிரேமை கேமுக்கு வெளியே இருக்கும் மென்பொருள் தானே கற்பனை செய்து சேர்ப்பது. கேமுக்கு இது நடப்பதே தெரியாது. மானிட்டரில் விளையாடுபவர்களுக்கு ஏஎம்டி 2024 ஜனவரியில் ஃப்ளூயிட் மோஷன் ஃப்ரேம்ஸ் என்ற பெயரிலும், என்விடியா 2025-இல் ஸ்மூத் மோஷன் என்ற பெயரிலும் கிராஃபிக்ஸ் டிரைவருக்குள்ளேயே (கார்டை இயக்கும் மென்பொருள்) இதைக் கொண்டுவந்தன. விஆரில் இந்தச் சமாச்சாரம் அதைவிடப் பழசு. ஆகுலஸ் 2016-லேயே ஏசிங்க்ரனஸ் ஸ்பேஸ்வார்ப், சுருக்கமாக ஏஎஸ்டபிள்யூ, என்று கொடுத்துவிட்டது; 2018-இல் ஸ்டீம்விஆரில் மோஷன் ஸ்மூத்திங் வந்தது. இவை கிராஃபிக்ஸ் கார்டின் டிரைவரில் இல்லை, ஹெட்செட்டை ஓட்டும் மென்பொருளில் இருக்கின்றன. இந்தப் பதிவு முழுக்க இந்த ஹெட்செட் பக்க வித்தையைப் பற்றித்தான். ஆரம்பிப்பவர் இங்கிருந்து தொடங்குவதே நல்லது, ஏனென்றால் இது தலை அசைவைக் கணக்கில் எடுத்துக்கொண்டு விஆருக்கென்றே செய்யப்பட்டது.

என்னிடம் இருப்பது குவெஸ்ட் 3 ஹெட்செட், ஆர்டிஎக்ஸ் 4070 கிராஃபிக்ஸ் கார்டு, 32 ஜிபி ரேம். கேம் மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் 2024. எக்ஸ்-பிளேன் 12, டிசிஎஸ் போன்ற வேறு விமான கேம் வைத்திருப்பவர்களுக்கும் முறை இதேதான், மெனுவின் பெயர்கள்தான் மாறும்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு

ஹெட்செட் 90 ஹெர்ட்ஸில் ஓடினால் ஒரு பிரேமை வரைய கம்ப்யூட்டருக்குக் கிடைப்பது 11.1 மில்லி செகண்ட். 72 ஹெர்ட்ஸ் என்றால் 13.9. ஃப்ளைட் சிமுலேட்டரில் மலை, மேகம், ஊர் எல்லாவற்றையும் இரண்டு கண்ணுக்கும் சேர்த்து இந்த நேரத்துக்குள் வரைந்து முடிப்பது, பெரிய கார்டு வைத்திருப்பவர்களுக்கே முக்கால்வாசி நேரம் நடக்காத காரியம். ஆனால் 72-இல் பாதி, அதாவது 36 பிரேம் போதும் என்று ஒத்துக்கொண்டால் ஒரு பிரேமுக்கு 27.8 மில்லி செகண்ட் கிடைக்கிறது. இது நடக்கக்கூடிய காரியம்.

மரம் இரண்டாகத் தெரிந்ததற்கும் காரணம் இதில்தான் இருக்கிறது. 36 பிரேம் மட்டும் வரும்போது 72 ஹெர்ட்ஸ் திரை ஒவ்வொரு படத்தையும் இரண்டு தடவை காட்டுகிறது. உங்கள் கண்ணோ மரத்தைத் தொடர்ந்து வழுக்கிக்கொண்டே போகிறது. இரண்டாவது தடவை காட்டும்போது மரம் பழைய இடத்திலேயே நிற்க, கண் முன்னே போயிருக்க, ஒரு மரம் இரண்டாகிவிடுகிறது. தலையைத் திருப்பும்போது மட்டும் இந்தத் திணறல் அவ்வளவாகத் தெரியாது, ஏனென்றால் டைம்வார்ப் என்று இன்னொரு வேலைக்காரன் எப்போதும் பின்னால் இருந்துகொண்டு, தலை திரும்பிய அளவுக்குப் படத்தையும் திருப்பிக் காட்டிவிடுகிறான். ஆனால் ஜன்னலுக்கு வெளியே ஓடும் நிலத்தை அவனால் ஒன்றும் செய்ய முடியாது. அதற்குத்தான் ஸ்பேஸ்வார்ப்: முந்தைய படங்களைப் பார்த்து, எது எந்தப் பக்கம் எவ்வளவு நகர்கிறது என்று கண்டுபிடித்து, அதை இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்து நடுவில் ஒரு புதுப் படத்தைச் செய்கிறது.

சரி, இதிலிருந்து பிடித்துக்கொள்ள வேண்டிய ஒரே விஷயம், பாதியை நீங்கள் விடாமல் கொடுத்தால்தான் மீதியை அது உருப்படியாகச் செய்யும் என்பது. 36 கொடுக்க வேண்டிய இடத்தில் ஒரு நேரம் 36, ஒரு நேரம் 29 என்று கொடுத்தால், பிரேம் ஜெனரேஷன் இல்லாமல் இருந்ததைவிட மோசமாக இருக்கும். முதல் நாளே ஆன் செய்து பார்த்துவிட்டு "இது வேஸ்ட்" என்று அணைத்துவிடுபவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள்.

படி 1: எல்லாவற்றையும் அணைத்துவிட்டு அளந்து பாருங்கள்

ஹெட்செட்டை 72 ஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள். 90-ஐப் பார்த்துச் சபலப்பட வேண்டாம், அதற்குப் பாதி 45, அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். வர்ச்சுவல் டெஸ்க்டாப் (கம்ப்யூட்டர் படத்தை வைஃபை வழியாக ஹெட்செட்டுக்கு அனுப்பும் ஆப்) பயன்படுத்துகிறீர்கள் என்றால் ஹெட்செட்டுக்குள் ஸ்ட்ரீமிங் பக்கத்தில் விஆர் ஃப்ரேம் ரேட் 72, அதே பக்கத்தில் சிங்க்ரனஸ் ஸ்பேஸ்வார்ப் (சுருக்கமாக எஸ்எஸ்டபிள்யூ, இந்த ஆப்பின் சொந்த ஸ்பேஸ்வார்ப்) டிசேபிள்ட். குவெஸ்ட் லிங்க் (ஹெட்செட்டைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் மெட்டாவின் சொந்த வழி) என்றால் கம்ப்யூட்டரில் உள்ள மெட்டா ஆப்பில் 72. அப்புறம் கீபோர்டில் கன்ட்ரோலை அழுத்திக்கொண்டு வலதுபக்க நம்பர் பேடில் 1. அது ஏஎஸ்டபிள்யூவை அணைக்கும்.

இப்போது கேமைத் திறந்து டெவலப்பர் மோடை ஆன் செய்யுங்கள். மேலே ஒரு மெனு பட்டை வரும், அதில் டீபக் என்பதற்குள் டிஸ்ப்ளே எஃப்பிஎஸ். திரையின் ஓரத்தில் ஒரு சின்னப் பெட்டி வந்து பிரேம் எண்ணிக்கையோடு 'லிமிடெட் பை மெயின்த்ரெட்' அல்லது 'லிமிடெட் பை ஜிபியு' என்று சொல்லும். அந்த ஒரு வரிதான் அடுத்த அரை மணி நேரத்துக்கு உங்கள் டாக்டர் சீட்டு.

எந்த இடத்தில் அளப்பது? கடல் மேல் பறந்து அளந்தால் எல்லாம் அமோகமாக இருக்கும், பயனில்லை. நான் அளப்பது ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ரூக். பள்ளத்தாக்குக்குள் ஊர், இரண்டு பக்கமும் மலை, நடுவே இன் ஆறு, வளைந்து வந்து இறங்க வேண்டிய ரன்வே 26. மேகத்தைக் கொஞ்சம் தூவிவிட்டால் கார்டுக்கு வியர்க்கும். இன்னும் கடுமையான பரீட்சை வேண்டும் என்றால் நியூயார்க்கில் மன்ஹாட்டனைச் சுற்றி ஒரு வட்டம். அங்கே 36 தாங்கினால் வேறெங்கும் கவலையில்லை. ஆனால் அதற்காக மற்ற ஊர்களின் அழகைக் காவு கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. இன்ஸ்ப்ரூக்கில் தாங்கினால் போதும் என்று விட்டுவிட்டேன்.

கன்ட்ரோலும் டேபும் சேர்த்து அழுத்தினால் விஆருக்குள் போய்விடுவீர்கள். 5 நிமிடம் பறந்து, மிகவும் தாழ்ந்த எண் எது என்று ஒரு காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். சராசரி வேண்டாம், தாழ்ந்த எண்தான் வேண்டும்.

படி 2: தாழ்ந்த எண்ணை 40-க்குக் கொண்டுவாருங்கள்

36-தானே தேவை, 40 எதற்கு? லிங்க் வழியாகப் போகும்போது அந்த நடுப் படத்தைச் செய்வதும் உங்கள் கார்டுதான், ஹெட்செட்டுக்கு வீடியோவாக்கி அனுப்புவதும் அதே கார்டுதான். கொஞ்சம் மூச்சுவிட இடம் வேண்டும். வர்ச்சுவல் டெஸ்க்டாப்பின் எஸ்எஸ்டபிள்யூ இந்த விஷயத்தில் புத்திசாலித்தனமானது. நடுப் படத்தை ஹெட்செட்டுக்குள் இருக்கும் ஸ்னாப்டிராகன் சிப்பே செய்துகொள்கிறது, கம்ப்யூட்டர் மேல் பாரம் ஏறுவதில்லை. நடுத்தரக் கார்டு வைத்திருப்பவர்களுக்கு நான் அதைத்தான் முதலில் சொல்வேன்.

பெட்டி ஜிபியு என்று சொன்னால் திணறுவது கிராஃபிக்ஸ் கார்டு. கிராஃபிக்ஸ் செட்டிங்கில் பிசி, விஆர் என்று தனித்தனியாக இருக்கும். விஆர் பக்கத்தைத் திறக்கிறோம் என்பதை உறுதி செய்துகொண்டு (நான் ஒரு மாலை முழுக்க பிசி பக்கத்தை மாற்றிக்கொண்டு, ஏன் ஒன்றும் ஆகவில்லை என்று தலையைச் சொறிந்திருக்கிறேன்) மேகத்தை மீடியமாக்குங்கள். அதிலேயே பெரிய மிச்சம் கிடைக்கும். அடுத்து டிஎல்எஸ்எஸ்ஸை (சின்னதாக வரைந்த படத்தைப் பெரிதாக்கிக் காட்டும் என்விடியா வசதி) பேலன்ஸ்டில் வையுங்கள். டிஎல்எஸ்எஸ்ஸில் காக்பிட் திரையில் ஓடும் எண்கள் லேசாக இழுபடும், அது பொறுக்கவில்லை என்றால் அதற்குப் பதில் டிஏஏ (விளிம்புகளை மழமழப்பாக்கும் சாதாரண முறை) வைத்துக்கொண்டு ரெண்டர் ஸ்கேலை, அதாவது வரையும் படத்தின் அளவை, குறைக்கலாம். வர்ச்சுவல் டெஸ்க்டாப்பில் கிராஃபிக்ஸ் குவாலிட்டியை ஒரு படி இறக்கினால் கேம் வரையும் படத்தின் அளவே சுருங்கிவிடும், அதுவும் நல்ல வழி.

பெட்டி மெயின்த்ரெட் என்று சொன்னால் மேலே சொன்னது எதுவும் வேலைக்காகாது. அது பிராசஸர் திணறுவது. டெரெய்ன் லெவல் ஆஃப் டீட்டெயிலை (நிலப்பரப்பை எவ்வளவு நுணுக்கமாகக் காட்டுவது என்பது) 100-க்கோ அதற்குக் கீழேயோ இறக்குங்கள், ஆப்ஜெக்ட்ஸையும் அப்படியே. விமான நிலையத்தில் நிற்கும் விமானங்கள், வண்டிகள், ஆட்கள் எண்ணிக்கையைக் குறையுங்கள். ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு அதே இடத்தில் பறந்து பாருங்கள். நான்கை ஒன்றாக மாற்றினால் எது மருந்து எது விஷம் என்று தெரியாது.

படி 3: இப்போது ஆன் செய்யுங்கள்

வர்ச்சுவல் டெஸ்க்டாப்பில் சிங்க்ரனஸ் ஸ்பேஸ்வார்ப்பை ஆல்வேஸ் எனேபிள்ட் ஆக்குங்கள். ஆட்டோமேட்டிக் வேண்டாம். ஆட்டோமேட்டிக்கில் வைத்தால் கார்டு தாங்கும்போது அணைவதும் தாங்காதபோது ஆன் ஆவதுமாக மாறிக்கொண்டே இருக்கும்; அந்த மாற்றம் நடக்கும் ஒவ்வொரு தடவையும் கண்ணுக்கு ஒரு இடறல். அதே பக்கத்தில் பெர்ஃபார்மென்ஸ் ஓவர்லேயை ஆன் செய்தால் எஸ்எஸ்டபிள்யூ ஓடுகிறதா என்று காட்டும். கம்ப்யூட்டரில் இருக்கும் ஸ்ட்ரீமர் ஆப்பில் ஓபன்எக்ஸ்ஆர் ரன்டைமை (கேமையும் ஹெட்செட்டையும் இணைக்கும் மென்பொருள்) விடிஎக்ஸ்ஆர் என்று வையுங்கள், அது வர்ச்சுவல் டெஸ்க்டாப்பின் சொந்த ரன்டைம்; நடுவில் ஸ்டீம்விஆர் வந்து தன் பங்குக்கு நேரம் எடுக்காமல் இருக்கும். கம்ப்யூட்டரிலிருந்து ரவுட்டருக்கு கேபிள் போட்டிருக்க வேண்டும், ஹெட்செட் 5 கிகா ஹெர்ட்ஸ் வைஃபையில் இருக்க வேண்டும். இது சரியில்லை என்றால் மேலே செய்த அத்தனையும் வீண்.

லிங்க் கேபிளில் ஓட்டுபவர்கள் சி டிரைவில் புரோகிராம் ஃபைல்ஸ், அதற்குள் ஆகுலஸ், சப்போர்ட், ஆகுலஸ் டயக்னாஸ்டிக்ஸ் என்று போனால் ஆகுலஸ் டீபக் டூல் இருக்கும். அதில் ஏசிங்க்ரனஸ் ஸ்பேஸ்வார்ப் என்ற இடத்தில் 'ஃபோர்ஸ் 45 எஃப்பிஎஸ், ஏஎஸ்டபிள்யூ எனேபிள்ட்'. கன்ட்ரோலோடு நம்பர் பேட் 3 அழுத்தினாலும் இதேதான். 45 என்று எழுதியிருப்பதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம், அது 90 ஹெர்ட்ஸ் காலத்துப் பெயர். நீங்கள் 72-இல் இருந்தால் 36-க்குத்தான் பூட்டும்.

வால்வ் இண்டெக்ஸ் போன்ற ஹெட்செட்டுகளை ஸ்டீம்விஆரில் ஓட்டுபவர்களுக்கு வீடியோ செட்டிங்கில் ஒவ்வொரு கேமுக்கும் தனியாக மோஷன் ஸ்மூத்திங் இருக்கிறது, அதை ஃபோர்ஸ் ஆல்வேஸ் ஆன் ஆக்கினால் போதும்.

ஒரே நேரத்தில் இவற்றில் ஒன்றுதான் ஓட வேண்டும். கேமில் இருக்கும் டிஎல்எஸ்எஸ் பிரேம் ஜெனரேஷன் மானிட்டருக்கானது, அதை இதோடு போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

படி 4: எங்கே உடைகிறது என்று பாருங்கள்

திரும்ப இன்ஸ்ப்ரூக். தரையிலிருந்து 500 அடி உயரத்தில் பறந்துகொண்டே பக்கவாட்டு ஜன்னலைப் பாருங்கள். மரம் ஒன்றாகத்தான் தெரிய வேண்டும், நிலம் வழுக்கிக்கொண்டு ஓட வேண்டும். அப்படி ஓடினால் முக்கால் வெற்றி.

அப்புறம் நேராக முன்னால் பாருங்கள். புரொப்பெல்லர் சுற்றும் வட்டத்துக்குள் மலை உச்சி தண்ணீருக்குள் இருப்பதுபோல் நெளியும். இது உங்கள் செட்டிங்கின் கோளாறு இல்லை. பாதி ஒளி ஊடுருவும் புரொப்பெல்லர் ஒரு பக்கம் சுற்றுகிறது, அதன் பின்னால் மலை வேறு பக்கம் நகர்கிறது. ஒரே புள்ளியில் இரண்டு அசைவு இருக்கும்போது எதைப் பிடிப்பது என்று ஸ்பேஸ்வார்ப்புக்குத் தெரிவதில்லை. இறக்கையைத் தாங்கும் கம்பியின் ஓரத்திலும், தாழ்வாகப் பறக்கும்போது, இதே நெளிவு வரும். எனக்கு இரண்டு நாளில் பழகிவிட்டது. பழகவே மாட்டேன் என்பவர்கள் ஜெட்டுக்கு மாறலாம், அல்லது டிஜி-1001 கிளைடரை எடுத்துப் பாருங்கள். புரொப்பெல்லர் இல்லை, வேகம் குறைவு, பெரிய கண்ணாடிக் கூண்டு. ஸ்பேஸ்வார்ப்புக்கென்றே செய்ததுபோல் இருக்கும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 72 என்பது கண்ணுக்குத்தான், கைக்கு 36தான். ஸ்டிக்கை இழுத்தால் அதன் பலன் நிஜப் பிரேமில்தான் வரும். செஸ்னாவை இறக்குவதற்கு இது ஒரு பொருட்டே இல்லை. ஹெலிகாப்டரைத் தரைக்கு மேல் நிறுத்திப் பிடிக்கும்போது வித்தியாசம் தெரியும். டிசிஎஸ்ஸில் சண்டைக்குப் போனால் குறுக்கே பாயும் எதிரி விமானம் பின்னால் ஒரு நிழலை இழுத்துக்கொண்டு போகும். அதற்கெல்லாம் அணைத்துவிட்டு, படத்தின் தரத்தைக் குறைத்து நிஜப் பிரேமை ஏற்றுவதே மேல்.

இத்தனைக்குப் பிறகும் எண் 36-இலேயே நிற்கிறது, ஆனால் எப்போதாவது ஒரு குலுக்கல் வருகிறது என்றால் அநேகமாக அது கேம் இணையத்திலிருந்து புது நிலப்பரப்பை இறக்கிக்கொண்டிருக்கும் நேரம். அதை இதனால் சரிசெய்ய முடியாது. முன்பு வந்த வயிற்றுப் பிரட்டல் எனக்கு இப்போது வருவதில்லை, ஆனாலும் முதல் வாரம் 15 நிமிடத்துக்கு மேல் உட்கார வேண்டாம். லேசாகத் தலை சுற்றினால் உடனே கழற்றிவிடுங்கள், பல்லைக் கடித்துக்கொண்டு லேண்டிங்கை முடிக்க நினைத்தால் அன்று இரவுச் சாப்பாடு இறங்காது.

லிங்க்காரர்களுக்குக் கடைசியாக ஒன்று: டீபக் டூலில் வைத்த ஏஎஸ்டபிள்யூ செட்டிங் கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டால் நிற்காது, பழையபடி ஆட்டோவுக்குப் போய்விடும். நேற்று வழுக்கிக்கொண்டு ஓடியது இன்று ஏன் திணறுகிறது என்று செட்டிங்கையெல்லாம் கலைப்பதற்கு முன்னால், கன்ட்ரோலோடு அந்த 3-ஐ ஒரு தடவை அழுத்திப் பாருங்கள்.