மலிவு பம்ப் ஷாட்கன்: வாங்கும்போதும் மாட்டும்போதும் சறுக்கும் இடங்கள்

ஆறு தோட்டாக்களைச் செருகி வைக்கும் அலுமினியப் பட்டை ஒன்றை, முன்பிடியை இழுத்துத் தள்ளித் தோட்டா ஏற்றும் என் பம்ப் ஷாட்கன்னின் பக்கவாட்டில் மாட்டினேன். கழன்றுவிடக் கூடாதே என்று திருகை இன்னும் ஒரு சுற்று இறுக்கினேன். அவ்வளவுதான், அதுவரை வழுக்கிக்கொண்டு ஓடிய முன்பிடி பாதி வழியில் நின்றுவிட்டது. துப்பாக்கி போச்சு என்றே நினைத்தேன். ஒன்றும் போகவில்லை. விசைத் தொகுதியைப் பிடித்திருக்கும் ஊசியின் துளை வழியாகத்தான் அந்தத் திருகு போகிறது. அதை முறுக்க முறுக்க ரிசீவரின் (இயங்கும் பாகங்களை அடக்கிய பெட்டி) இரு சுவர்களும் உள்நோக்கி நெரியும், நடுவில் ஓட வேண்டிய போல்ட் (தோட்டாவின் பின்னால் வந்து பூட்டிக்கொள்ளும் பாகம்) சிக்கிக்கொள்ளும். அரைச் சுற்றுத் தளர்த்தி, திருகு கழலாமலிருக்க நீல லாக்டைட் பசை ஒரு சொட்டு விட்டதும் சரியாகிவிட்டது.

துப்பாக்கியின் விலை சுமார் 250 டாலர். முதல் இரண்டு மாதங்களில் அதன்மேல் மாட்ட நான் வாங்கிய சாமான்களின் விலையும் கிட்டத்தட்ட அதுதான். அவற்றில் பாதி இப்போது ஒரு ஷூ பெட்டியில் கிடக்கிறது. அமெரிக்காவில் முதல் ஷாட்கன் வாங்குகிறவர்களில் பலர் இதே வழியில்தான் போகிறார்கள், அதனால் எழுதுகிறேன். என்னுடையது மேவரிக் 88. கீழே சொல்வதில் பெரும்பகுதி எந்த மலிவு பம்ப் துப்பாக்கிக்கும் பொருந்தும்.

முதலில், நம்மவர்கள் அதிகம் கவனிக்காத ஒரு விஷயம். எச்1பி, எல்1, எஃப்1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் தடுக்கிறது. ஏதேனும் ஒரு மாநிலம் தந்த செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு இந்தத் தடை இல்லை. "நான் என் பெயரில் வாங்கித் தருகிறேன் மச்சி" என்று நண்பர் சொன்னால் அது உதவி அல்ல, இருவரையும் மாட்டிவிடும் குற்றம். கடையில் நிரப்பும் 4473 படிவத்தில் உண்மையில் வாங்குபவர் நீங்கள்தானா என்ற கேள்வியே இருக்கிறது.

மலிவு எங்கே ஒளிந்திருக்கிறது

விலை குறைவு என்றதும் சுடும்போது வெடித்துவிடுமோ என்று சிலர் பயப்படுகிறார்கள். ரிசீவர் அலுமினியம் என்று தெரிந்ததும் பயம் இரட்டிப்பாகிறது. மேவரிக் 88 என்பது மாஸ்பெர்க் நிறுவனத்தின் சிக்கனப் பதிப்பு. 1960களின் தொடக்கத்திலிருந்து தயாராகும் மாஸ்பெர்க் 500இன் அதே அடிப்படை வடிவமைப்பு. இதில் போல்ட்டின் பூட்டு, குழலோடு சேர்ந்த எஃகு நீட்சியில்தான் போய் விழுகிறது. வெடிப்பின் அழுத்தத்தைத் தாங்குவது அந்த எஃகுதான், அலுமினியப் பெட்டியின் வேலை வழிகாட்டுவது மட்டும். ஆக, அலுமினியத்தைப் பார்த்து ஒதுக்குவது தவறு. முன்பிடி கொஞ்சம் லொடலொடவென்று ஆடுவதைக் கோளாறு என்று நினைப்பதும் தவறு. இந்த வகையில் அந்த ஆட்டம் சகஜம்.

அப்படியானால் காசை எங்கே குறைத்தார்கள்? மேற்பூச்சில், பிளாஸ்டிக்கில், தவறிச் சுடாமல் தடுக்கும் சேஃப்டியில். 500இன் சேஃப்டி ரிசீவரின் பின்மேற்பகுதியில், கட்டைவிரலுக்கு நேராக இருக்கும். 88இல் அது விசைக்கு அருகே குறுக்காகத் தள்ளும் பொத்தான். இடக்கை ஆட்களுக்கு 500 வசதி. ஆனால் தோளில் பதியும் கட்டையைப் பிஸ்டல் பிடி வைத்ததாக மாட்டினால் 500இன் சேஃப்டிக்குக் கட்டைவிரல் எட்டாது, அங்கே மலிவான 88இன் பொத்தான்தான் கைக்கு வரும். இந்த ஒரு விஷயத்தில் ஏழைத் தம்பி அண்ணனை ஜெயிக்கிறான்.

ரெமிங்டன் 870 எக்ஸ்பிரஸையும் இதே வரிசையில் வைத்துப் பார்ப்பார்கள். 1987இல் வந்த சிக்கனப் பதிப்பு அது. ரிசீவர் எஃகு, கட்டுமானம் கெட்டி. ஆனால் அதன் மங்கலான மேற்பூச்சு ஈரத்தில் சீக்கிரம் துருப்பிடிக்கும் என்பது பரவலான குறை. இன்னொன்றையும் கணக்கில் வையுங்கள். சுட்ட தோட்டாவை வெளியே எறியும் எஜெக்டர் 870இல் ரிவெட் அடித்தது, உடைந்தால் துப்பாக்கி மெக்கானிக்கிடம்தான் போக வேண்டும். மாஸ்பெர்க்கில் அது ஒரு திருகுதான், வீட்டிலேயே மாற்றலாம்.

"500க்குப் பொருந்தும்" என்ற இரண்டு சொற்கள்

உபகரணம் வாங்குவதில் அதிகக் காசு வீணாவது இங்கேதான். 88உம் 500உம் பங்காளிகள் என்று கேள்விப்பட்டதும், 500க்கு என்று அட்டையில் போட்ட எல்லாவற்றையும் வாங்கிவிடுகிறோம். தோளில் பதியும் கட்டை பொருந்தும். குழலும் பொருந்தும், ஆனால் அதன் அடியில் தோட்டாக்களை வரிசையாக வைத்திருக்கும் மேகசின் குழாயின் நீளம் ஒன்றாக இருந்தால் மட்டுமே. குழலின் அடியில் உள்ள வளையம், மேகசின் குழாயின் நுனியில்தான் திருகப்படுகிறது. ஐந்து தோட்டா பிடிக்கும் குழாய்க்குச் செய்த 18.5 அங்குலக் குழலை நீளமான குழாய் உள்ள துப்பாக்கியில் மாட்டப் பார்த்தால் வளையமும் நுனியும் சந்திக்கவே சந்திக்காது. இதே காரணத்தால்தான் 870இல் செய்வதுபோல மேகசின் நீட்டிப்புக் குழாய் ஒன்றை வாங்கி நுனியில் திருகிக்கொள்வது 88இல் நடக்காது.

விசைத் தொகுதி பொருந்தாது, சேஃப்டி வேறு இடத்தில் இருக்கிறதே. முன்பிடியும் நேரடியாகப் பொருந்தாது. 88இல் பிடியும் அதைத் தாங்கும் இரும்புச் சட்டங்களும் ஒரே தொகுதி. 500இன் பிடியைப் போட வேண்டுமானால் 500இன் சட்டத் தொகுதியையும் சேர்த்து வாங்க வேண்டும். நான் முதலில் பிடியை மட்டும் வாங்கி, ஒரு மணி நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஷூ பெட்டியின் முதல் குடித்தனக்காரர் அதுதான். ரெட் டாட் (சிவப்புப் புள்ளி காட்டும் குறிபார்ப்பான்) வைக்க ஆசைப்பட்டால், முதலில் ரிசீவரின் மேற்புறத்தைத் தடவிப் பாருங்கள். திருகுத் துளைகள் இல்லாத துப்பாக்கிகளும் உண்டு.

தோள் அளவு பார்க்காமல் வாங்குவது

கடையில் கையில் எடுத்ததும் எடை பார்ப்போம், பளபளப்பு பார்ப்போம். கட்டையின் நீளத்தை யாரும் பார்ப்பதில்லை. விசையிலிருந்து கட்டையின் பின்முனை வரை பெரும்பாலும் 14 அங்குலத்துக்கு மேல் இருக்கும். ஆறடி ஆளுக்கு அது சரி. ஐந்தே கால் அடி உயரமுள்ள என் மனைவி தூக்கியபோது முன்பிடிக்குக் கை எட்டாமல் முதுகைப் பின்னால் வளைத்துக்கொண்டு நின்றாள். அந்த நிலையில் சுட்டால் உதை முழுவதும் தோள்பட்டை எலும்பில் இறங்கும், முன்பிடியை முழுதாகப் பின்னுக்கு இழுக்கவும் முடியாது. நீளத்தைக் கூட்டிக் குறைக்க முடிகிற கட்டையை வாங்கி மாட்டினேன். துப்பாக்கி விலையில் பாதிக்கு அருகில் வந்தது, ஆனாலும் நான் வாங்கியதிலேயே உருப்படியான சாமான் அதுதான். சிறிய உடல்வாகுக்கு 12 கேஜை விட்டு 20 கேஜ் வாங்குவதும் நல்ல யோசனை (கேஜ் என்பது குழலின் அகல அளவு, எண் கூடினால் குழல் சிறியது).

இதற்கு நேர்மாறான தவறு, கட்டையையே கழற்றிவிட்டு வெறும் பிஸ்டல் பிடியை மட்டும் மாட்டுவது. பார்க்க மிடுக்காக இருக்கும். உதையை அப்படியே மணிக்கட்டு வாங்கும், குறி பார்க்கக் கன்னத்தை வைக்க இடமிருக்காது. ரேஞ்சில் ஒரு பெட்டித் தோட்டா சுட்டுப் பார்த்தவர்கள் மறுநாளே பழைய கட்டையைத் தேடுகிறார்கள்.

இந்த இடத்தில் சட்டத்தையும் சொல்லியாக வேண்டும். 1934ஆம் ஆண்டின் தேசியத் துப்பாக்கிச் சட்டப்படி ஷாட்கன்னின் குழல் 18 அங்குலத்துக்கும், மொத்த நீளம் 26 அங்குலத்துக்கும் குறையக் கூடாது. குறைந்தால் அதைத் தனியாகப் பதிவு செய்ய வேண்டும், பதிவில்லாமல் வைத்திருப்பது கடுமையான குற்றம். கடைகளில் 14 அங்குலக் குழலோடு மாஸ்பெர்க் ஷாக்வேவ் விற்கிறதே என்று கேட்கலாம். தோளில் வைக்கும் கட்டை இல்லாமலே தொழிற்சாலையை விட்டு வந்ததால் சட்டத்தின் கண்ணில் அது ஷாட்கன்னே இல்லை. அதை வாங்கிவந்து "கட்டை மாட்டினால் சௌகரியமாக இருக்குமே" என்று மாட்டினால், அந்த நிமிடமே அது பதிவில்லாத குட்டைக்குழல் ஷாட்கன். மாநிலச் சட்டங்கள் இதற்கு மேலும் கெடுபிடியாக இருக்கலாம்.

மற்ற சாமான்கள்

விளக்கு பயனுள்ளது, அதன் சுவிட்ச் முன்பிடியை விடாமலே விரலுக்கு எட்டினால். தோள்வார் வேட்டைக்குப் போகிறவருக்கு அவசியம், வீட்டுக்குள் அது கதவுக் கைப்பிடியில் மாட்டும். குழலைச் சுற்றிய ஓட்டைத் தகடு, நுனியில் பல் வைத்த வளையம், லேசர்: இவற்றைப் பற்றி ஒரு வரிக்கு மேல் எழுதுவதே அதிகம். பக்கவாட்டுப் பட்டை வேண்டுமானால் வெல்குரோவில் ஒட்டும் துணிப் பட்டை போதும். விலை குறைவு, எந்தத் திருகும் இல்லை, எதையும் நெரிக்காது.

தோட்டாவில் செய்யும் தவறுகள்தான் ஆபத்தானவை

இதுவரை சொன்னதெல்லாம் பணத்துக்குக் கேடு. இது உயிருக்கு. நம் ஊரில் 12 போர் என்று சொல்வதுதான் இங்கே 12 கேஜ். குழலின் மேல் 3 அங்குலம் என்று பொறித்திருந்தால் 2¾, 3 அங்குலத் தோட்டாக்களைப் போடலாம், 3½ கூடாது. பழைய துப்பாக்கி வாங்குகிறவர்கள் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். தோட்டாப் பெட்டியில் போட்டிருக்கும் நீளம் சுட்ட பிறகு விரிந்த நீளம். சுடாத 3 அங்குலத் தோட்டா மடிப்போடு இருப்பதால் 2¾ அங்குல அறைக்குள் (குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் இடம்) சாதுவாக நுழைந்துவிடும். சுடும்போது மடிப்பு விரிய இடமில்லாமல் அழுத்தம் எகிறும். "உள்ளே போகுதே" என்பது பொருந்துகிறது என்பதற்குச் சாட்சி இல்லை.

20 கேஜ் தோட்டாக்கள் மஞ்சள் நிறத்தில் இருப்பது அழகுக்காக அல்ல. 12 கேஜ் துப்பாக்கியில் தவறி ஒன்று விழுந்தால் அது அறையைத் தாண்டிக் குழலுக்குள் போய் அடைத்துக்கொள்ளும். அறை காலியாகத் தெரியும். பின்னால் 12 கேஜ் தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழல் வெடிக்கும். இரண்டு கேஜும் உள்ள வீட்டில் ஒரே பையில் இரண்டையும் போடாதீர்கள்.

அப்புறம், ஷாட்கன்னுக்குக் குறி பார்க்க வேண்டியதில்லை, குண்டுகள் விசிறிபோல விரிந்து எல்லாவற்றையும் பிடித்துக்கொள்ளும் என்ற நம்பிக்கை. பக்ஷாட் (ஒரே தோட்டாவில் பல பெரிய குண்டுகள்) கஜத்துக்கு ஓர் அங்குலம் விரியும் என்பது தோராயக் கணக்கு. நல்ல தோட்டாக்கள் பல அதைவிடக் குறைவாகவே விரியும். வீட்டு அறைக்குள் உள்ள தூரத்தில் அது பெரும்பாலும் விரித்த கையின் அகலத்தைத் தாண்டாது. ஆகவே குறி பார்த்தே ஆக வேண்டும். இரண்டு மூன்று விதத் தோட்டாக்களை வாங்கி, பெரிய காகிதம் ஒட்டி, ஒவ்வொன்றுக்கும் தனிக் காகிதத்தில் சுட்டுப் பாருங்கள். ஒரே துப்பாக்கியில் ஒரு தோட்டா ஒரே கொத்தாக இறங்கும், இன்னொன்று ஓரத்துக்கு இரண்டு குண்டுகளை எறிந்துவிடும். உபகரணத்துக்கு வைத்த காசில் பாதியை நான் இப்போது இதற்குத்தான் செலவிடுகிறேன். குழலின் நுனியைக் குறுக்கும் இறுக்கமான ஃபுல் சோக் வைத்துக்கொண்டு ஸ்லக் (ஒற்றைப் பெரிய குண்டு) சுடாதீர்கள்.

சுடுவதில் வரும் "கோளாறு" பெரும்பாலும் நம் கையில்தான். முன்பிடியைக் கடைசி வரை இழுக்காமல் பாதியில் திருப்பித் தள்ளுவோம். பழைய தோட்டா வெளியே போகாது, அல்லது புதியது உள்ளே வராது. பிளாஸ்டிக் டம்மித் தோட்டாக்களை வாங்கி, பத்து நாள் மாலையில் கொஞ்ச நேரம் இழுத்துத் தள்ளினால் கை பழகிவிடும்.

பழையது வாங்கினால்

முதல் வேலை, அறையும் மேகசினும் காலி என்று கண்ணாலும் விரலாலும் பார்ப்பது. அடுத்து குழலைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து உள்ளே பாருங்கள். எங்காவது வட்டமாக ஒரு நிழல் வளையம் தெரிந்தால் அங்கே குழல் உப்பியிருக்கிறது. விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் வைத்துவிட்டு நடையைக் கட்டுங்கள். லேசான மேல்துரு எண்ணெய்க்கும் மெல்லிய எஃகுக் கம்பளிக்கும் போய்விடும், உட்குழிந்த துரு போகாது. கடைக்காரர் அனுமதித்தால் டம்மித் தோட்டாக்களை ஒவ்வொன்றாக ஏற்றி இறக்கிப் பாருங்கள்.

நண்பர் ஒருவர் ஐந்து தோட்டா பிடிக்கும் என்று சொல்லி விற்ற துப்பாக்கியில் இரண்டுதான் போகிறது, ஸ்பிரிங் செத்துவிட்டது, ஏமாந்துவிட்டேன் என்று தூக்கிக்கொண்டு வந்தார். வாத்து போன்ற வலசைப் பறவைகளை வேட்டையாடும்போது துப்பாக்கியில் மொத்தம் மூன்று தோட்டாக்களுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது அமெரிக்க விதி. அதற்காக மேகசினுக்குள் ஒரு அடைப்பு வைப்பார்கள். குழலைக் கழற்றி, மேகசின் குழாயின் நுனித் துளையைத் தரைப்பக்கம் சாய்த்து உலுக்கினேன். விரல் தடிமனில் ஒரு மரக்குச்சி சரக்கென்று வந்து மேசையில் விழுந்தது.