விருது முத்திரையைப் பார்த்து மூன்றாம் பாகத்தில் தொடங்காதீர்கள்

சென்ட்ரல் அருகே மூர் மார்க்கெட் பழைய புத்தகக் கடைகளில் ஆங்கில மாயக்கதை நாவல்கள் நிறையக் கிடைக்கும். முதல் பாகம் இருந்தால் இரண்டாவது இருக்காது, மூன்றாவது மட்டும் தனியாகக் கிடக்கும். அட்டையில் விருது முத்திரை இருக்கிறதே என்று அதை வாங்கிப் போய், சில பக்கங்களிலேயே மூடிவைத்தவர்களை ராயபுரத்திலும் தண்டையார்பேட்டையிலும் நிறையப் பார்த்திருக்கிறேன். அப்படி வீணாகக் கூடாத நாவல் ஒன்று உண்டு: அமெரிக்க எழுத்தாளர் அர்சுலா லெ க்வினின் ‘தி ஃபார்தெஸ்ட் ஷோர்’. 1972இல் வெளிவந்து, 1973இல் அமெரிக்காவின் நேஷனல் புக் அவார்டை சிறுவர் நூல் பிரிவில் வென்றது. எர்த்ஸீ என்ற கற்பனைத் தீவுலகத்தைப் பற்றிய தொடரில் இது மூன்றாவது நாவல். அந்த உலகத்தில் மந்திரமும் கலைகளும் மறைந்துபோவது ஏன் என்று தேடி, கெட் என்ற மந்திரவாதியும் ஆரென் என்ற இளவரசனும் கடலில் போகும் கதை. கடலோரத்தில் வளர்ந்த பிள்ளைகள் இதைத் தவறவிடக் கூடாது என்பது என் ஆசை.

முதல் தவறு, நேராக இதிலேயே தொடங்குவது. தொடங்கும்போதே கெட் அந்த உலகத்தின் தலைமை மந்திரவாதி. அமைதியானவர், மதிப்புக்குரியவர். அந்த அமைதிக்கு அவர் கொடுத்த விலை 1968இல் வந்த ‘எ விஸர்ட் ஆஃப் எர்த்ஸீ’யில் இருக்கிறது. மாணவனாக இருந்தபோது வீம்புக்காக, இறந்துபோன ஒரு பெண்ணின் ஆவியை அழைக்கிறான். திறந்த பிளவு வழியே ஒரு நிழல் வெளியே வந்து அவன் முகத்தைக் கிழிக்கிறது. அந்தப் பிளவை மூடியதில் அப்போதைய தலைமை மந்திரவாதி உயிரை விடுகிறார். இது தெரிந்தவருக்குத்தான் மூன்றாம் நாவலின் எதிரி புரிவான். அவனும் செத்தவர்களை அழைத்தவன்தான், மரணத்துக்குப் பயந்தவன். அந்தப் பயத்தில் கெட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. தன் பழைய தவற்றின் சாயலை இன்னொருவனிடம் பார்க்கும் மனிதராகக் கெட்டை வாசிக்காவிட்டால், இது வெறும் நல்லவன் கெட்டவன் சண்டையாகிவிடும். இளவரசன் ஆரென் ஏன் இத்தனை முக்கியம் என்பதற்கும் இரண்டாம் நாவலில் (1971) மீட்கப்படும், எர்ரெத்-அக்பே என்ற பழங்கால வீரனின் மோதிரம் தெரிய வேண்டும்.

பெயர்களிலும் பலர் தடுமாறுகிறார்கள். ஸ்பாரோஹாக் என்று ஊர் கூப்பிடுபவரும் கெட்டும் ஒரே ஆள். ஆரெனும் லெபான்னெனும் ஒரே பையன். உண்மைப் பெயரை நம்பிக்கைக்குரியவரிடம் மட்டுமே சொல்வார்கள்.

‘சிறுவர் நூல்’ என்ற பிரிவைப் பார்த்து வேகமாகப் புரட்டுவது அடுத்த தவறு. இது சாவைப் பற்றிய நாவல். சண்டையும் மந்திர வெளிச்சமும் எதிர்பார்த்து வருபவர்களுக்கு கெட்டின் நிதானம் சலிப்பாக இருக்கும். எல்லாம் தெரிந்த மந்திரவாதி படகில் ஏறியும் பெரும்பாலும் இயற்கைக் காற்றுக்காகக் காத்திருக்கிறார். ஓரிடத்தில் மழையை வரவழைத்தால் இன்னோரிடத்தில் வறட்சி விழலாம் என்பது முதல் நாவலிலேயே சொல்லப்படும் பாடம். மந்திரம் அங்கே செலவுக் கணக்குள்ள விஷயம்.

நான் அதிகம் கவலைப்படுவது நடுப்பகுதியைத் தாவுகிறவர்களைப் பற்றித்தான். நாவலின் உயிர் அங்கே இருக்கிறது. லோர்பனேரி என்ற தீவு பட்டுக்கும் சாயத்துக்கும் பேர்போனது. கெட் போய்ச் சேரும்போது சாயக்காரர்களுக்குத் தொழில் கைவிட்டுப் போயிருக்கிறது. துணி மட்டமாக வருகிறது, ஆளுக்கு ஆள் பழி சொல்கிறார்கள், அப்படியொரு கலையே இருந்ததில்லை என்றுகூடச் சாதிக்கிறார்கள். கவர்னர் ஜோசப் கோலெட் காலத்தில் நெசவாளர்களைக் குடியேற்றிய காலடிப்பேட்டையும், கம்பெனித் துணியை வெளுத்தவர்கள் வாழ்ந்த வண்ணாரப்பேட்டையும் நம் வடசென்னையில்தான் இருக்கின்றன. ஒரு தொழில் போனால் ஊரின் பேச்சும் முகமும் எப்படி மாறும் என்று இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. அந்த அத்தியாயத்தை மெதுவாகப் படியுங்கள்.

அதன்பிறகு தெப்பத்தின் மேலேயே வாழும் மக்கள் வருகிறார்கள். மரம் வெட்டவும் தெப்பங்களைச் செப்பனிடவும் இலையுதிர் காலத்தில் கரைக்கு வருவார்கள். மற்ற மாதங்களெல்லாம் கடல்தான். கதை நின்றுவிட்டது என்று பலர் இந்த இடத்தில் பக்கங்களைத் தள்ளுகிறார்கள். காசிமேட்டில் கட்டுமரமும் ஃபைபர் படகும் பார்த்து வளர்ந்தவர் அப்படிச் செய்யலாமா? கயிறு, மரம், நீரோட்டம், பெரியவர்களின் சொல், இரவெல்லாம் ஆடும் திருவிழா என்று ஒரு முழு வாழ்க்கை அங்கே இருக்கிறது. அந்தத் திருவிழா இரவில் பாடகர்கள் பாட்டை மறந்து நிற்கிறார்கள். உலகத்துக்கு என்ன நோய் என்பது எந்தப் போர்க்களத்தையும் விட அங்கேதான் உறைக்கிறது.

கெட்டை வெள்ளைக்காரராகக் கற்பனை செய்யாதீர்கள். அவர் செம்பழுப்பு நிறத்தவர், நண்பன் வெட்ச் இன்னும் கறுப்பு. எர்த்ஸீயில் வெள்ளைத் தோல்காரர்கள் கிழக்கே உள்ள கார்க் மக்கள். 2004இல் வந்த தொலைக்காட்சித் தொடர் இதைப் புறக்கணித்து, கெட் வேடத்துக்கு வெள்ளை நடிகரைப் போட்டது. லெ க்வின் வெளிப்படையாகவே எதிர்த்து எழுதினார். மாயக்கதை நாயகன் நம் நிறத்தில் இருக்கிறான் என்பது ஒரு வியாசர்பாடிப் பிள்ளைக்குச் சின்ன விஷயம் இல்லை. அதை அட்டைப் படமோ திரையோ பறித்துக்கொள்ள விடாதீர்கள். எர்த்ஸீ கதைகளை வைத்து 2006இல் கோரோ மியாசாகி இயக்கிய, ஜப்பானின் ஜிப்லி நிறுவன அனிமேஷன் படத்தைப் பார்த்துவிட்டு நாவல் தெரியும் என்று நினைப்பதும் தவறு. படத்தில் ஆரென் தன் தந்தையைக் குத்துகிறான். நாவலில் தந்தை அனுப்பித்தான் அவன் கெட்டிடம் வருகிறான்.

கடைசியாக, மூன்றோடு நிறுத்துவது. 18 ஆண்டுகள் கழித்து, 1990இல், லெ க்வின் ‘டெஹானு’ எழுதினார். அதற்கு அறிவியல் புனைவுக்கும் மாயக்கதைக்கும் தரப்படும் நெபுலா விருது கிடைத்தது. மூன்றாம் நாவலில் பெண்கள் எங்கே என்று உங்களுக்குக் கேள்வி எழுந்தால், அவருக்கும் அது எழுந்தது என்று இதில் தெரியும். 2001இல் ‘டேல்ஸ் ஃப்ரம் எர்த்ஸீ’ என்ற கதைத் தொகுப்பும், ‘தி அதர் விண்ட்’ நாவலும் வந்தன. பின்னது 2002இல் வேர்ல்ட் ஃபேன்டஸி விருது பெற்றது. மூன்றாம் நாவலில் நாம் பார்த்த இறந்தோர் நாடு சரிதானா என்று அங்கே மறுபடி கேட்கிறார். தொகுப்பிலுள்ள ‘டிராகன்ஃப்ளை’ கதையை ‘தி அதர் விண்ட்’டுக்கு முன்பே படித்துவிடுங்கள், அந்த நாவலில் வரும் ஒரு பெண்ணை அதில்தான் முதலில் சந்திப்பீர்கள்.