மலைல பனி குறைஞ்சா காடு என்ன ஆகும்? நீங்களே டேட்டா எடுத்து பாக்குறது எப்படி

பனி குறைஞ்சா காடு காஞ்சு போயிடும்னு ஒரு கோஷ்டி, இல்லப்பா சீக்கிரம் உருகுனா மரம் வளர நாள் கூடுதலா கிடைக்கும்னு இன்னொரு கோஷ்டி. ரெண்டு பேர் சொல்றதும் சரிதான், ஆனா வேற வேற இடத்துல. கலிபோர்னியாவோட சியாரா நெவாடா மலையை வெச்சே சொல்றேன், அங்க டேட்டா எல்லாம் ஓசில கிடைக்குது, பனி அளக்குற பழக்கமும் நூறு வருஷத்துக்கு மேல இருக்கு, ஒரு லேப்டாப்பும் எக்செல்லும் இருந்தா ஆரம்பிச்சிடலாம்.

முதல்ல உயரத்தை பாருங்க, மத்ததெல்லாம் அப்புறம். சியாராவுல மழை பனி எல்லாம் பெரும்பாலும் குளிர்காலத்துலயே கொட்டி முடிஞ்சிடும், கோடை கிட்டத்தட்ட வறண்டுதான் கிடக்கும், அதனால ஜூன் ஜூலைல மரம் குடிக்கறதுல பெரும்பங்கு பனி உருகி மண்ணுல இறங்குன தண்ணிதான். சாட்டிலைட்ல தெரியுற பச்சையையும் பனியையும் ஒப்பிட்டு 2012ல வந்த ஒரு ஆய்வு, சுமார் 2000லேர்ந்து 2600 மீட்டர் வரைக்கும் இருக்குற காடுதான் பனியை ரொம்ப நம்பி இருக்குன்னு காட்டுச்சு. அதுக்கு மேல ஏறுனா தண்ணிக்கு பஞ்சம் இல்ல, வெயில்தான் பத்தாது. ஒரிகான் பக்கம் கேஸ்கேட் மலையில உசரத்துல நிக்குற மவுண்டன் ஹெம்லாக் மரங்கள் வசந்தத்துல பனி ஜாஸ்தி கிடந்த வருஷம் கம்மியாதான் வளருது. இந்த ரெண்டு வகையையும் ஒண்ணா கொட்டி சராசரி போட்டீங்கன்னா ஒண்ணை ஒண்ணு அடிச்சிட்டு, பனிக்கும் காட்டுக்கும் சம்பந்தமே இல்லன்னு ஒரு ரிசல்ட் வந்து நிக்கும்.

அடுத்தது பனி. எத்தனை அடி ஆழம்ங்கறது நியூஸ்காரங்களுக்கு, உங்களுக்கு வேண்டியது அதுக்குள்ள எவ்ளோ தண்ணி இருக்குங்கறது. புதுசா விழுந்த பனி ஒரு மீட்டரை உருக்குனா சுமார் 10 சென்டிமீட்டர் தண்ணி தேறும், அதே ஒரு மீட்டர் வசந்தத்துல இறுகிக் கிடக்கும்போது 40 கூட வரும். இதை அளக்குற குழாயை உருவாக்குனவர் ஜேம்ஸ் சர்ச், நெவாடா யுனிவர்சிட்டில லத்தீன் சொல்லிக்குடுத்த ப்ரொபசர்! நுனியில பல்லு வெச்ச குழாய், பனிக்குள்ள திருகி இறக்கி அப்படியே தூக்கி எடை போடணும். இன்னைக்கு புழக்கத்துல இருக்கற குழாயோட உள்விட்டம் 1.485 இஞ்ச், ஒரு அவுன்ஸ் எடை இருந்தா ஒரு இஞ்ச் தண்ணின்னு நேரா படிக்கறதுக்காகவே அந்த அளவு. இப்போ இது கூட தானியங்கி ஸ்டேஷன்களும் இருக்கு, கலிபோர்னியா டேட்டா எக்ஸ்சேஞ்ச் சென்டர்லயும், அமெரிக்க அரசோட தானியங்கி பனி ஸ்டேஷன் நெட்வொர்க்கான ஸ்நோடெல்லயும் ஏப்ரல் 1 தேதி அளவை டவுன்லோட் பண்ணிக்கோங்க. 2015 ஏப்ரல் 1ல சியாரா முழுக்க சராசரில 5 சதவீதம்தான் இருந்துச்சு, 2023ல ரெண்டு மடங்குக்கு மேல, இப்படி எகிறி விழுற இடம்ங்கறதாலதான் வித்தியாசம் கண்ணுக்கு தெரியும்.

கூடவே பனி முழுசா உருகி முடிஞ்ச தேதியையும் எக்செல்ல ஒரு காலம்ல (column) போடுங்க. கொலராடோல நிவாட் ரிட்ஜ்னு ஒரு இடம், சுமார் 3050 மீட்டர், அங்க வளர் சீசன் நீண்ட வருஷங்கள்ல காடு இழுத்த கார்பன் கூடல, குறைஞ்சுது, ஏன்னா அந்த வருஷங்கள்ல பனி கம்மி. உயரமான இடம்தான், ஆனா கோடை மழை வந்தும் அந்த மரங்க பனித்தண்ணியைத்தான் பெரும்பாலும் நம்புது. அதனால சியாராவோட மீட்டர் கணக்கை தூக்கிட்டு போய் கொலராடோவுல ஒட்டாதீங்க.

மரம் எவ்ளோ வளந்துச்சுன்னு அளக்க ரெண்டு வழி இருக்கு. சாட்டிலைட் பச்சைன்னா ஜூலை ஆகஸ்ட் படத்தை மட்டும் எடுங்க, ஏப்ரல் மே படத்துல பனி விலகுனாலே பச்சை ஏறுன மாதிரி காட்டும், மரம் ஒரு இலை கூட புதுசா விட்டிருக்காது. மர வளையம்ன்னா இன்டர்நேஷனல் ட்ரீ ரிங் டேட்டா பேங்க்ல அளந்து வெச்ச ஃபைலே கிடைக்கும், நீங்க துளை போட போக வேணாம், நேஷனல் பார்க்ல பர்மிஷன் இல்லாம போடவும் கூடாது. லென்ஸ்ல பாத்தா ஒவ்வொரு வளையத்துலயும் வெளிறின அகலமான பட்டை, அதுக்கப்புறம் கருப்பா ஒரு மெல்லிசு பட்டை, வெளிறினது வசந்தத்துல வளந்தது, கருப்பு கோடைக் கடைசில வந்தது. சின்ன வயசு மரத்துக்கு வளையம் இயல்பாவே அகலம், அந்த வயசு சரிவை கழிச்சிட்டுதான் ஒப்பிடணும்.

வருஷக் கணக்குலயும் நிறைய பேர் சறுக்குறாங்க, 2015 வளையத்துக்கு ஜோடி 2014 அக்டோபர்ல ஆரம்பிச்ச குளிர்காலம், அதனால தண்ணி வருஷத்தை அக்டோபர் 1லேர்ந்து எண்ணுங்க. முந்தின வருஷ பனியையும் பக்கத்துல ஒரு காலம்ல வெச்சு பாருங்க, மரத்துக்கு சேமிப்பு உண்டு, அடி ஒரு வருஷம் தள்ளியும் விழும்.

கடைசியா பூச்சி, தீ, மரவெட்டு, இதுங்களால போன மரத்தையும் கணக்குல வெக்கணும். 2012–2016 வறட்சிலயும் அதை ஒட்டியும் கலிபோர்னியால 10 கோடிக்கு மேல மரம் செத்துச்சு, அதுல பட்டை வண்டுக்கு பெரிய பங்கு, தண்ணி இல்லாத மரத்தால பிசின் சுரந்து வண்டை விரட்ட முடியல. செத்த மரத்துக்கு அதுக்கப்புறம் வளையமே இல்ல, அதனால பிழைச்ச மரத்தை மட்டும் அளந்தா நிலைமை நல்லாருக்கற மாதிரி தெரியும், செத்ததோட எண்ணிக்கையையும் தனியா எடுத்து வெச்சுக்கோங்க.

அமெரிக்காவோட கிழக்குப் பக்க காட்டை எடுக்கறவங்களுக்கு மண்ணோட டெம்பரேச்சரும் வேணும். பனி ஒரு போர்வை, அது விலகுனா வேர் உறைஞ்சு அறுந்துடும். நியூ ஹாம்ப்ஷயர்ல ஹப்பர்ட் ப்ரூக் காட்டுல குளிர்காலத்துல பனியை வாரி அகற்றிப் பாத்தாங்க, சுகர் மேப்பிள் வளர்ச்சி சுமார் 40 சதவீதம் விழுந்துச்சு. அங்க தண்ணி கணக்கை மட்டும் வெச்சு பாத்தா இது கண்ணுலயே படாது.