நேர்முகத் தேர்வில் இந்த ஒரு கேள்வியை விடாதீர்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து பெரிய கம்பெனிக்கு நேர்முகத் தேர்வுக்குப் போகும் பிள்ளைகள், சம்பளம் பேசுவதற்கு முன் இதைக் கேளுங்கள்: "இதே வேலையில் கடைசியாக இருந்த இரண்டு பேர் இப்போது எங்கே இருக்கிறார்கள்? மேலே போக எத்தனை வருடம் ஆனது?"

பெயர் வேண்டாம், பதவியும் காலமும் போதும். 1,800 ரிங்கிட்டா 2,000 ரிங்கிட்டா என்ற வித்தியாசத்தைவிட இந்தப் பதில் பெரியது. பேக்கர், கிப்ஸ், ஹோம்ஸ்ட்ரோம் என்ற மூன்று பொருளாதார அறிஞர்கள் ஓர் அமெரிக்க நிறுவன நிர்வாகிகளின் 20 ஆண்டுப் பதிவேடுகளை (1969–1988) ஆராய்ந்து 1994-இல் வெளியிட்டார்கள். முதல் பதவி உயர்வைச் சீக்கிரம் பெற்றவர்களுக்கே அடுத்ததும் சீக்கிரம் வந்தது. அதனால் ஆள் சீக்கிரம் மேலே போகும் பதவியில் தொடங்குவது நல்லது. இருவரும் வேலையை விட்டுப் போயிருந்தால், ஏன் என்றும் கேளுங்கள். "திறமையைப் பொறுத்தது" என்று மழுப்பினால், அங்கேயே வேலை செய்யும் ஊர்க்காரர் யாரிடமாவது விசாரித்துவிடுங்கள்.

புதிதாக உருவாக்கிய பதவி, நாலைந்து பேர் மட்டும் உள்ள கடை, ஏஜென்ட் வழி ஒப்பந்த வேலை ஆகியவற்றுக்கு இது பொருந்தாது. தோட்டத்திலும் கவனம் தேவை. மண்டோர் (தொழிலாளர் குழுவின் தலைவர்), கண்டக்டர் (தோட்ட மேற்பார்வையாளர்) ஆகலாம். ஆனால் உதவி மேனேஜர் பதவிக்குப் பெரும்பாலும் டிப்ளோமாவோ பட்டமோ உள்ளவர்களை வெளியிலிருந்து நேரடியாக எடுப்பார்கள். அங்கே கேட்க வேண்டியது, உள்ளிருந்து யாராவது அந்தப் படியைத் தாண்டியிருக்கிறார்களா என்பதுதான்.